இலவச வேனும் ஏழு நிமிடக் கத்தரியும்

“…அதனால இனிமே நீங்க மெதுவா வெட்டணும் அண்ணாச்சி. இப்ப ஒரு தலைக்கு ஏழு நிமிசம் எடுக்கீங்க. அத இருபது நிமிசமா ஆக்கணும். அதுக்கு உண்டானத மாசாமாசம் நாங்க தாரோம்” என்றாள் ஜெனோவா அக்கா.

அந்த முடிவெட்டும் கடைக்குள் ஒரு பெண் காலடி வைத்ததே அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். பெஞ்சில் இருந்த உள்ளூர்க்காரர்கள் மடித்துக் கட்டிய சாரத்தை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார்கள். நான் வாசலில் நின்று வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். சாவி கழன்று சாக்கடை ஓரமாகப் போய் விழுந்தது. பின்னே என்ன? சீக்கிரம் வெட்டுங்கள், கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று கெஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறேன். மெதுவாக வெட்டுங்கள், காசு தருகிறோம் என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இத்தனை வருடம் கழித்து அந்தப் பேச்சு போன வாரம் ஞாபகத்துக்கு வந்தது. பையனுக்கு முடிவெட்ட வேண்டும் என்று பாளையங்கோட்டை ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிற ஏசி சலூனுக்குப் போயிருந்தேன். எனக்குக் காதோரம் நாலு முடிதான் இருக்கிறது, அதற்கு நகவெட்டியே போதும். இருபது நிமிடம் ஆகும் சார் என்று ஒரு பெண் சோபாவைக் காட்டினாள். உட்கார்ந்தால் கால் உள்ளே புதைகிறது. எதிரே கண்ணாடி அலமாரி நிறைய சீசாக்கள். ஒரு காபியும் கொடுத்தார்கள், அதற்குக் காசு வேண்டாம் என்றார்கள். இருபது நிமிடம் முடிந்தபோது என் மடியில் முடி வளர்க்கும் எண்ணெய் ஒரு சீசா இருந்தது. ஏழெட்டு வருடமாக ஒன்றுகூட முளைக்காத தலையோடு அதை நான் ஏன் வாங்கினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். பையன் என்னோடு வந்தவன் மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே யாருக்கோ சவரம் முடித்து லோஷன் தடவினார்கள். சுள்ளென்று அந்தப் பழைய கடையின் பச்சை லோஷன் வாசனை வந்ததும், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அக்கா போட்ட கணக்கு அல்லவா!

ஜெனோவா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரைக்காரி. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்தவள். வீட்டுக்காரர் வெளிநாட்டுக் கப்பலில் இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். அவர் அனுப்பிய பணத்தில் அக்கா ஒரு பழைய வேனை வாங்கிவிட்டு, ஆபீஸ் வேலையையும் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு அவருக்குக் கடிதம் போட்டாள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஏரல் பக்கம், வயல்காட்டுக் குடும்பம். நெல்லும் ஸ்டியரிங்கும் தவிர வேறொன்றும் தெரியாது. வடை மடித்துக் கொடுக்கும் தாளில் இருப்பதைப் படித்துப் படித்து உலக அறிவை வளர்த்துக்கொண்டவன். என்னை டிரைவராகச் சேர்த்துக்கொண்டபோது, இது என்ன கம்பெனி அக்கா என்று கேட்டேன். ரெண்டு பேரும் ஒரு வேனும் இருந்தால் அது கம்பெனிதான் என்று சொல்லிவிட்டாள்.

கம்பெனியின் வேலை இதுதான். துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும். அதில் வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ்காரன், பர்மாக்காரன், உக்ரைன்காரன் எல்லாரும் மத்தியானம் மூன்று மணிக்கு அனுமதிச் சீட்டோடு வாசலுக்கு வருவார்கள். ஆறரைக்குள் திரும்பிப் போக வேண்டும். அவர்களை ஏற்றி டவுனுக்குள் ஒரு தெருவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு வந்து விட வேண்டும். இலவசமாக.

இலவசமாகவா என்று நானும் வாயைப் பிளந்தேன். டீசலுக்கு யார் கொடுப்பார்கள், எனக்கு யார் கொடுப்பார்கள்?

“ஏறுதவன்ட்ட காசு கேக்காதலே. அவன் இறங்குத எடத்துல ஒருத்தன் காத்துக்கிட்டு நிப்பான் பாரு, அவன்ட்ட கேளு” என்றாள் அக்கா.

காத்துக்கொண்டு நின்றவர்கள் ஐந்து கடைக்காரர்கள். ஒரு ஜவுளிக்கடை, மக்ரூன் போடுகிற ஒரு பேக்கரி, ஒரு டெய்லர், வெளிநாட்டுக்குப் பேசுகிற ஐ.எஸ்.டி. பூத் ஒன்று, சங்கும் சிப்பியும் விற்கிற கடை ஒன்று. ஐந்தும் ஒரே தெரு. ஐந்து கடையின் பெயரையும் வேனின் இரண்டு பக்கத்திலும் பெயிண்டால் எழுதியாயிற்று. ஒரு மாதம் சும்மா ஆள் கொண்டுவந்து இறக்குவோம். பிடித்திருந்தால் அதற்குப் பிறகு மாதக் கட்டணம், பிடிக்காவிட்டால் பெயரை அழித்துவிடலாம். இதுதான் பேச்சு.

இலவசம் என்றால் ஓடி வந்து ஏறுவார்கள் என்று நினைத்தோம். முதல் மூன்று நாள் ஒருத்தன்கூட ஏறவில்லை. நான் ‘ஃப்ரீ சார், ஃப்ரீ சார்’ என்று கத்தக் கத்த, அவர்கள் இன்னும் நாலடி தள்ளிப் போய் நின்றார்கள். எந்த ஊரிலும் சும்மா கூட்டிக்கொண்டு போகிறவனை நம்பக்கூடாது என்று அவர்கள் அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள் போல. நாலாவது நாள் அக்கா ரோஸ் கலரில் சீட்டு அச்சடித்து, நம்பர் போட்டு, ஓரத்தில் பொத்தல் வைத்துக் கொண்டுவந்தாள். ஏறும்போது ஆளுக்கு ஒன்று கிழித்துக் கொடு என்றாள். அவ்வளவுதான். சீட்டு என்று ஒன்று கைக்கு வந்ததும் வரிசையில் நின்று ஏறினார்கள். சிலர் அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வேறு வைத்துக்கொண்டார்கள். மனுசனுக்குப் பணம் கொடுக்காமலும் இருக்க வேண்டும், கொடுத்த மாதிரியும் இருக்க வேண்டும்!

இந்த நேரத்தில்தான் அக்காவின் வீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது. மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன், அதற்குள் வேன் தன் காலில் நின்றால் சரி, இல்லையென்றால் தம்பி கேட்கிறான், கருவாடு ஏற்ற அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். அந்தத் தம்பி மறுநாளே வந்துவிட்டான். கையில் இஞ்சி டேப். பிலிப்பைன்ஸ்காரர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் அளந்தான். இங்கன எட்டுப் பெட்டி, அங்கன ஆறு பெட்டி என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டான். ஒரு தடவை கருவாடு ஏறின வண்டியில் அப்புறம் மனுசன் ஏறமாட்டான். அது அக்காவுக்கும் தெரியும். வேன் போனால் அக்கா பழைய ஆபீசுக்குப் போய் பழைய நாற்காலியைக் கேட்டு நிற்க வேண்டும். அந்த மானேஜர், போம்மா, எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்று சிரித்து அனுப்பியவர். அவர் முகத்தில் மறுபடி முழிப்பதற்கு, அக்கா கடலில் நீந்தியே வீட்டுக்காரர் கப்பலுக்குப் போய்விடுவாள்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். முதல் நாள் ஏறிய ஏழு பேரில் ஒருத்தன் என் தோளைத் தட்டித் தன் தலையைத் தொட்டுக் காட்டினான். முடி காதுக்குக் கீழே தொங்கியது. முடிவெட்ட வேண்டும் என்கிறான். எங்கள் பக்கத்தில், தூரத்திலிருந்து வந்தவன் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கமே கிடையாது. அதே தெருவில் சுடலைமுத்து அண்ணாச்சி கடை இருந்தது. ஒரே ஒரு நாற்காலி, ஒரு நீளப் பெஞ்சு. அங்கே கொண்டுபோய் வண்டியை நிறுத்தினேன். மற்ற ஆறு பேரும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். மறுநாளும் அதே கதை. கடலில் கிடக்கிறவனுக்கு முதலில் வேண்டியது முடிவெட்டு என்பது, கப்பல்காரர் பெண்டாட்டியான அக்காவுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அவள் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் நறுக்கென்று வெட்டிக்கொண்டுதானே வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

அண்ணாச்சி கை இருக்கிறதே, அது கையில்லை, தறி. ஒரு தலைக்கு ஏழு நிமிடம். கடிகாரம் பார்த்தே சொல்கிறேன். ஏழு பேர் முடிந்து எழுந்தால் நாலரை மணிகூட ஆகியிருக்காது. வரிசை சட்டுச் சட்டென்று நகர்வதால் ஒருத்தனும் பெஞ்சை விட்டு அசையமாட்டான்; எழுந்து போனால் முறை போய்விடும். வெட்டி முடித்ததும் எல்லாரும் ஒரே ஆளைப் போல மொத்தமாக வேனில் ஏறி, மாதா கோயிலுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கடற்கரையில் கொஞ்சம் காற்று வாங்கினால் ஆறரை. ஐந்து கடையும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. எங்களால் லாபம் பார்த்தது அண்ணாச்சியும் மெழுகுவத்தி விற்கிறவளும்தான். இரண்டு பேர் பெயரும் வேனில் கிடையாது.

பதினைந்து நாள் ஆனதும் டெய்லர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே, எம் பேரை வண்டியில எழுதிக்கிட்டு அவரு கடை வாசல்லயே நிக்கியே. இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் நானே பெயிண்டு டப்பாவோட வாரேன்.”

மற்ற நாலு பேரும் அவர் சொன்னதையே அவரவர் பாணியில் சொன்னார்கள். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். கவலை வந்தால் எனக்குப் பரோட்டா இரண்டு கூடுதலாக இறங்கும்.

பரோட்டா என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பரோட்டாக் கடையில் சால்னாவுக்குக் காசு கிடையாது, எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள். நான் ரொம்ப நாள் அதை அந்த முதலாளியின் தர்ம குணம் என்று நினைத்திருந்தேன். சால்னா இலையில் மிஞ்சிக் கிடந்தால் இன்னொரு பரோட்டா கேட்கத் தோன்றும். பரோட்டா மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் சால்னா. இரண்டும் ஒரே நேரத்தில் தீர்ந்து எழுந்த ஒரு மனுசனை நான் இன்றுவரை பார்க்கவில்லை. கொடுக்கிற இடம் ஒன்று, வாங்குகிற இடம் ஒன்று. அக்கா கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் எனக்கு இதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. பேப்பர்காரன் அச்சடித்த செலவைவிடக் குறைவாகப் பேப்பரை விற்கிறான், சினிமாக் கொட்டகைக்காரன் படத்தைவிட முறுக்கில் சம்பாதிக்கிறான். பார்க்க ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும். எங்கள் கம்பெனியில் கொடுக்கிற இடம் சரியாகத்தான் இருந்தது. வாங்குகிற இடத்துக்கு ஆள் போய்ச் சேரவில்லை, அதுதான் குறை.

மூன்றாவது வாரம் ஒரு நாள். காலையில் சைக்கிளில் வந்த சாணைக்காரரிடம் அண்ணாச்சி தன்னுடைய இரண்டு நல்ல கத்தரியையும் கொடுத்திருக்கிறார். அந்த மனுசன் அப்படியே ஸ்ரீவைகுண்டத்தில் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார், கத்தரியோடு. அண்ணாச்சி பெட்டிக்கு அடியில் கிடந்த ஒரு துருப்பிடித்த கத்தரியை எடுத்தார். அது முடியை வெட்டாது, கடிக்கும். முதல் தலைக்கே அரை மணி நேரம். பெஞ்சில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், நெளிந்தார்கள். நாலாவதாக இருந்தவன் விரலை மடக்கி எண்ணிவிட்டு எழுந்து போனான். அவனைப் பார்த்து இன்னொருத்தன் போனான்.

அன்று சாயங்காலம் அந்தத் தெருவைப் பார்த்திருக்க வேண்டும்! ஒரு பர்மாக்காரன் ஜவுளிக்கடையில் முழங்காலுக்கு இவ்வளவு, இடுப்புக்கு இவ்வளவு என்று கையை உயர்த்தி உயர்த்திக் காட்டி ஆறு கவுன் வாங்கினான். பூத்தில் ஒருத்தன் வீட்டுக்குப் பேசிப் பேசி அழுதான்; அடுத்து நின்றவன் அவனுக்காக அழுதான். பேக்கரிக்காரர் உடைந்த மக்ரூனை உள்ளங்கையில் சும்மா வைத்துவிட, இரண்டு டின் போயிற்று. டெய்லர் நாலு பேருக்கு அளவெடுத்தார். சங்குக் கடையில் ஒருத்தன் சங்கைக் காதில் வைத்துக் கடல் சத்தம் கேட்கிறது என்று பரவசப்பட்டு வாங்கினான். பத்து மாதமாகக் கடலில் கிடக்கிறவன்!

அக்கா ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். ஐந்து பேரும் சிரித்த முகம், ஐந்து பேரும் ஐந்து காரணம். டெய்லர், தான் புதிதாக நிறுத்தின பொம்மைதான் காரணம் என்றார். பேக்கரிக்காரர் காற்று திசை மாறி வாசனை அந்தப் பக்கம் போயிருக்கிறது என்றார். நான், நேற்று வண்டியில் புது எலுமிச்சம்பழம் கட்டினேன் என்று அடக்கமாகச் சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“அத விடு. நேத்து நடக்காதது இன்னைக்கு அந்தத் தெருவுல என்னலே நடந்துச்சு?”

ஒன்றும் இல்லை, அண்ணாச்சி கத்தரிதான் ஸ்ரீவைகுண்டத்துக்கு விருந்துக்குப் போயிருக்கிறது என்று சிரிப்புக்காகச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. ஒரு ரோஸ் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் ஏழு கோடு போட்டாள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் இடத்தை அகலமாக விட்டாள். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கிற நேரம்தான் அந்த ஐந்து கடைக்கும் வாசல் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அண்ணாச்சியிடம் கமிஷன் கேட்கலாமா என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவள், நாமே அவருக்குக் கொடுத்தால் என்ன என்று திருப்பிப் போட்டாள். மறுநாள் சாணைக்காரர் நல்ல கத்தரியைக் கொண்டுவந்துவிட்டார். அக்காவும் போய் நின்றாள். மெதுவா வெட்டணும் அண்ணாச்சி என்ற பேச்சு அப்போது நடந்ததுதான்.

அண்ணாச்சி மாட்டேன் என்றுவிட்டார். எப்படி வழிக்கு வந்தார் என்று கடைசியில் சொல்கிறேன். வந்துவிட்டார் என்பதை மட்டும் இப்போது வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் ஐந்து கடையும் சரி என்றது. டெய்லர் தன் பெயரை இன்னும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். அக்கா வீட்டுக்காரர் வந்து இறங்கியபோது ஸ்டேஷனுக்கு வேனை எடுத்துக்கொண்டு போனோம். ஏறப் போனவர் கையில் நான் பழக்கதோஷத்தில் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். எனக்குமா என்று அக்காவைப் பார்த்தார். ஏறுகிறவன் யாராக இருந்தாலும் சீட்டு உண்டு என்றாள் அக்கா. அந்தத் தம்பி இஞ்சி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆறு வருடம் ஓட்டினேன். இப்போது அந்த வாசல் பக்கம் போனால் ஏற்றுவதற்கு ஆளே கிடையாது. அப்போதெல்லாம் கப்பல் வந்தால் சரக்கு இறக்க ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். இப்போது கண்டெய்னர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த நாளே கிளம்பிவிடுகிறது. வெளியே வர அனுமதி வாங்குவதற்குள் நங்கூரம் எடுத்துவிடுகிறார்கள். நம் ஊரைப் பார்க்காமலே நம் ஊருக்கு வந்துவிட்டுப் போகிறார்கள், பாவம். பூத் போய்விட்டது, அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருத்தர் கொஞ்ச நாள் கோழிக்குஞ்சு வைத்து விற்றார். இரண்டு மணி நேரத்தில் பேண்ட் தைத்துக் கொடுக்கிற டெய்லர் இல்லை. சுடலைமுத்து அண்ணாச்சி இல்லை. காத்திருப்பதுகூட இப்போது நம் கையில் இல்லை, போனில் டோக்கன் வருகிறது. அக்கா மகள் வீட்டோடு இருக்கிறாள். நான் எண்ணெய் வாங்கிய கதையைப் போனில் சொன்னேன். எத்தனை நிமிடம் உட்கார வைத்தார்கள் என்று மட்டும் கேட்டாள்.

சரி, அண்ணாச்சி விஷயம்.

அக்கா மெதுவாக வெட்டச் சொன்னபோது, நாற்காலியில் ஒரு பிலிப்பைன்ஸ் சமையல்காரர் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி கத்தரியைக் கீழே வைக்கவே இல்லை.

“வேலைய நிறுத்தி வச்சு நான் காசு வாங்குனா என் கை என்னைய மதிக்காதும்மா. என்னால முடியாது. போயிட்டு வா.”

அக்கா அசையாமல் நின்றாள். மாதக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. அப்போது பெஞ்சில் இருந்த ஒரு உள்ளூர்ப் பெரியவர், தன்னை மட்டும் முக்கால் மணி நேரம் உட்கார வைக்கிறாரே, அது எந்தக் கை என்று அண்ணாச்சியைச் சீண்டினார்.

“உம்மட்ட ஊர்ப்பட்ட கதை பேச வேண்டியிருக்குலா. இவனுவட்ட என்னத்த பேச? பாசையா தெரியும்?” என்றார் அண்ணாச்சி.

அதைச் சொல்வதற்காகப் பெரியவர் பக்கம் திரும்பியவரின் கத்தரி அந்தரத்தில் அப்படியே நின்றது. சொல்லி முடித்த பிறகுதான் மறுபடி ஓடியது. வாய் திறந்தால் கை நின்றுவிடும், அவருக்கு அப்படி ஒரு சுபாவம். கப்பல்காரர்களிடம் பேச வழியில்லாமல்தான் மனுசன் ஏழு நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா மூலையில் கிடந்த முக்காலியை இழுத்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் தெரிந்த சமையல்காரரைப் பார்த்து, ஊரில் பிள்ளைகள் எத்தனை என்று இங்கிலீஷில் கேட்டாள். அவர் துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து மூன்று விரலைக் காட்டினார்.

“மூணு பிள்ளையாம் அண்ணாச்சி.”

கத்தரி நின்றது.

“மூணா? பொம்பளப் பிள்ளை எத்தனைன்னு கேளும்மா” என்றார் அண்ணாச்சி.

அக்கா முக்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு, கேட்டாள்.